ஜீரோ கேட் வரிசையைக் கணினியில் கட்டுவது: ஏஜென்ட் சிமுலேஷனில் ஆப்ஜெக்ட் உருவாக்கமும் கிளாஸ் மரபுரிமையும் – முழுமையான வழிகாட்டி

தனித்தனியாக முடிவெடுக்கும் பல ஏஜென்ட்டுகளைக் கணினியில் உலவவிட்டு, மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் ஏஜென்ட் சிமுலேஷன். அதைக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலும் ஓநாயும் செம்மறியாடும்தான் வரும். ஆடு புல்லைத் தின்னும், ஓநாய் ஆட்டைத் தின்னும். வடசென்னையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு ஓநாய் எதற்கு? எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை போதும். மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து கிளம்பி, திருவொற்றியூர் வழியாக காசிமேட்டைத் தாண்டி, துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் வண்டிகள். நடுவில் மீன் ஏற்றிய டாடா ஏஸ், ஷேர் ஆட்டோ, மாநகரப் பேருந்து, இவை எல்லாவற்றுக்கும் இடுக்கில் ஒரு மீன்பாடி வண்டி. ஆப்ஜெக்ட் எப்படிப் பிறக்க வேண்டும், எதற்கு எது தாய் கிளாஸ், எந்த இடத்தில் மரபுரிமை கழுத்தை அறுக்கும் என்பதையெல்லாம் இந்த ஒரு சாலையிலேயே பார்த்துவிடலாம்.

வண்டி வரிசையை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளாஸ் மரபுரிமை என்ற யோசனையே ஒரு வண்டி வரிசையிலிருந்து வந்ததுதான். 1960களில் ஆஸ்லோவில், நார்வே கணினி மையத்தில், ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பெயரே சொல்கிறது, சிமுலேஷனுக்கான மொழி. ஒரு பாலம், அதில் ஒரு சுங்கச்சாவடி, வரிசையில் லாரிகளும் பேருந்துகளும். இதை மாதிரியாக்குவது எப்படி என்று யோசித்தார்கள். லாரியின் நடத்தை வேறு, பேருந்தின் நடத்தை வேறு. ஆனால் வரிசையில் நிற்பது என்று வந்தால் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். அந்தப் பொதுவான பகுதியை ஒரே இடத்தில் எழுதி, லாரிக்கும் பேருந்துக்கும் முன்னொட்டாக ஒட்டினால் என்ன என்று கேட்டார்கள். அந்த ஒட்டுதான் சிமுலா 67இல் கிளாஸ் மரபுரிமையாக வந்து சேர்ந்தது. பின்னாளில் வங்கி மென்பொருளிலிருந்து கைபேசிச் செயலி வரை எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2001க்கானது, கிடைத்தது.

பைத்தானில் மாறி, ஃபங்ஷன், லிஸ்ட் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி மேசா என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் ஏஜென்ட் மாதிரிகள் எழுத இன்று பலரும் எடுப்பது அதைத்தான். நிரல் பகுதிகளைப் பைத்தான் வடிவத்தில், ஆனால் முழுக்கத் தமிழில் தந்திருக்கிறேன். ‘தான்’ என்று இருக்கும் இடத்தில் செல்ஃப், ‘தாய்’ என்று இருக்கும் இடத்தில் சூப்பர், ‘தொடக்கம்’ என்று இருக்கும் இடத்தில் இனிட் என்று போட்டுக்கொள்ளுங்கள். மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். பைத்தான் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

படி 1: யார் ஏஜென்ட், யார் இல்லை

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். டிரெய்லர், ஓட்டுநர், கன்டெய்னர், கேட், சாலை, கப்பல். எல்லாவற்றையும் ஏஜென்ட் ஆக்க ஆசை வரும். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த நொடியில் என்ன செய்வது என்று இது தானாக முடிவு செய்கிறதா?

டிரெய்லர் செய்கிறது. முன்னால் இடம் இருந்தால் நகரும், இல்லையென்றால் நிற்கும். கன்டெய்னர் எதையும் முடிவு செய்யாது. ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். அது ஏஜென்ட் இல்லை, டிரெய்லர் சுமக்கும் ஒரு தகவல். சாலை சூழல். கேட் கொஞ்சம் இரண்டுங்கெட்டான். அடுத்து யாரை விடுவது என்று அது தேர்ந்தெடுக்கும் என்றால் ஏஜென்ட், வந்த வரிசைப்படி விடும் என்றால் சாதாரண ஆப்ஜெக்டே போதும். நம் மாதிரியில் சாதாரண ஆப்ஜெக்ட்.

ஓட்டுநரைத் தனி ஏஜென்ட் ஆக்க வேண்டுமா? வண்டியும் ஓட்டுநரும் சிமுலேஷன் முழுக்கப் பிரியவே போவதில்லை என்றால் வேண்டாம். ஓட்டுநர் மாற்றம், தூக்கம், சாப்பாட்டுக்கு இறங்குவது எல்லாம் உங்கள் கேள்விக்குள் வருகிறது என்றால் வேண்டும்.

படி 2: தாய் கிளாஸ்

ஏற்றுமதிப் பெட்டி துறைமுகத்துக்குள் போக ஃபார்ம் 13 வேண்டும் என்பது இந்தச் சாலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். எதுவும் நிரப்பாத வெற்றுப் படிவம் கிளாஸ். அதில் வண்டி எண், பெட்டி எண் எல்லாம் நிரப்பி ஒருவர் கையில் வைத்திருப்பது ஆப்ஜெக்ட். படிவம் ஒன்றுதான், நிரப்பியவை ஆயிரம் இருக்கலாம், ஒன்றில் கிறுக்கினால் இன்னொன்று மாறாது.

கிளாஸ் வண்டி(ஏஜென்ட்):
    தொடக்கம்(தான், மாடல், நீளம், வேகம்):
        தாய்.தொடக்கம்(மாடல்)
        தான்.நீளம் = நீளம்
        தான்.வேகம் = வேகம்
        தான்.இடம் = 0
        தான்.காத்திருப்பு = 0
        தான்.குறிப்பேடு = []

    அடி(தான்):
        இடைவெளி = தான்.மாடல்.முன்னிடைவெளி(தான்)
        நகர்வு = சிறியது(தான்.வேகம், இடைவெளி)
        தான்.இடம் += நகர்வு
        நகர்வு == 0 என்றால்:
            தான்.காத்திருப்பு += 1

ஓர் அடி என்பது ஒரு நொடி. குறிப்பேடு என்ற வரியைக் கவனியுங்கள். எங்கே, எப்போது நின்றேன் என்று வண்டி எழுதிவைக்கும் லிஸ்ட் அது. அதைத் தொடக்கத்துக்குள் வைத்திருக்கிறோம். அதே வரியை ‘தான்’ இல்லாமல் கிளாஸின் தலைப்புக்குக் கீழேயே போட்டிருந்தால் என்ன ஆகும்? நிரல் ஓடும், பிழைச் செய்தி வராது. ஆனால் குறிப்பேடு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். திருவொற்றியூரில் நிற்கும் வண்டியும் காசிமேட்டில் நிற்கும் வண்டியும் ஒரே ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கும். 300 வண்டிகளின் குறிப்பும் ஒரே லிஸ்டில் விழுந்தபின் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. தொடக்கத்தின் உள்ளீட்டில் வெற்று லிஸ்டை இயல்பு மதிப்பாக வைத்தாலும் இதே கதைதான். பைத்தான் அந்த இயல்பு மதிப்பை ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே முறைதான் உருவாக்குகிறது. எண்ணும் எழுத்துமாக இருந்தால் தொல்லை இல்லை. லிஸ்ட், டிக்ஷ்னரி, செட் என்று உள்ளே மாற்றக்கூடிய எதுவாக இருந்தாலும் தொடக்கத்துக்குள்தான் பிறக்க வேண்டும்.

படி 3: பிறப்பு

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஏஜென்ட் சிமுலேஷனில் தவறான விடை வந்தால் முதலில் நான் பார்ப்பது ஏஜென்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அல்ல, எப்படிப் பிறந்தது என்பதை. யார் உருவாக்குகிறார், எப்போது, எந்தப் பகடையைப் போட்டு?

யார் என்பதற்கு விடை எளிது: மாடல், அதாவது சாலை, கேட், வண்டிகள் எல்லாவற்றையும் கையில் வைத்து ஓட்டத்தை நடத்தும் ஆப்ஜெக்ட். ஒரு வண்டி இன்னொரு வண்டியை உருவாக்கக் கூடாது. கேட்டும் உருவாக்கக் கூடாது. பிறப்பு ஓரிடத்தில் இருந்தால்தான் கணக்கு வைக்க முடியும்.

எப்போது என்பதில் இரண்டு வகை உண்டு. சில மாதிரிகளில் எல்லா ஏஜென்ட்டும் தொடக்கத்திலேயே இருக்கும். வரிசை மாதிரிகளில் ஓட்டத்தின் நடுவே வந்துகொண்டே இருக்கும். நமக்கு இரண்டாவது வகை.

கிளாஸ் கேட்_மாடல்(மாடல்):
    தொடக்கம்(தான், விதை):
        தாய்.தொடக்கம்(விதை)
        தான்.நேரம் = 0
        தான்.வருகைப்_பகடை = பகடை(விதை + 1)
        தான்.வகைப்_பகடை = பகடை(விதை + 2)
        தான்.அடுத்த_வருகை = தான்.வருகைப்_பகடை.இடைவெளி(240)

    அடி(தான்):
        தான்.நேரம் += 1
        தான்.நேரம் >= தான்.அடுத்த_வருகை ஆக இருக்கும்வரை:
            தான்.ஒரு_வண்டி_வரட்டும்()
            தான்.அடுத்த_வருகை += தான்.வருகைப்_பகடை.இடைவெளி(240)
        தான்.கேட்.அடி()
        தான்.வண்டிகள்_முன்னிருந்து_பின்னாக_அடி()

இடைவெளி(240) என்பது சராசரி 240 நொடி கொண்ட அடுக்குக்குறிப் பரவல், அதாவது எக்ஸ்பொனென்ஷியல். வண்டிகள் ஒன்றையொன்று கலந்து பேசாமல் வருகின்றன என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. உண்மையில் அப்படி இல்லை. கப்பலின் கட்-ஆஃப் நேரம் (பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) நெருங்க நெருங்க வண்டிகள் கொத்தாக வந்து விழும். அதை நேரத்துக்கு நேரம் மாறும் சராசரியாகப் பின்னால் சேர்க்கலாம். முதல் சுற்றில் வேண்டாம், காரணம் கடைசிப் படியில் வரும்.

‘ஆக இருக்கும்வரை’ என்ற சுழற்சிக்குப் பதிலாக ‘என்றால்’ என்று போட்டால் ஒரே நொடிக்குள் இரண்டு வண்டி வரும் சமயத்தில் இரண்டாவது ஒரு நொடி தள்ளிப்போகும். சிறிய பிழைதான். ஆனால் அடியை ஒரு நொடியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மாற்றுகிறவருக்கு அதுவே பெரிய பிழை.

ஏன் பகடையை இரண்டாகப் பிரித்தோம்? பகடை என்பது ரேண்டம் எண் தருவது. விதை என்பது அந்தப் போலி ரேண்டம் எண்களின் வரிசைக்குத் தொடக்கப்புள்ளி. ஒரே விதை கொடுத்தால் ஒரே எண் வரிசை வரும். அதனால்தான் ஓட்டத்தை மறுபடி அப்படியே ஓட்டிப் பார்க்க முடிகிறது. எல்லா வேலைக்கும் ஒரே பகடை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாடா ஏஸுக்கு ‘எத்தனை கூடை மீன்’ என்று ஒரு ரேண்டம் எண்ணைப் புதிதாகச் சேர்க்கிறீர்கள். அந்த ஓர் எண் எடுக்கப்பட்டதும் அதற்குப் பின் வரும் வருகை நேரம் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். மீன் கூடைக்கும் டிரெய்லர் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் டிரெய்லரின் காத்திருப்பு மாறிவிடும். மாற்றம் கூடையால் வந்ததா, பகடை நகர்ந்ததால் வந்ததா என்று நீங்கள் இரவெல்லாம் தேடுவீர்கள். வருகைக்கு ஒரு பகடை, வகைக்கு ஒரு பகடை, நடத்தைக்கு ஒரு பகடை என்று பிரித்துவிட்டால் ‘இரண்டாவது கேட் திறந்தால் என்ன ஆகும்’ என்பதை அதே வண்டிகள், அதே நேரத்தில் வந்த நிலையில் ஒப்பிடலாம்.

எந்த வகை வண்டி பிறக்க வேண்டும் என்பதற்கு நீளமான ‘என்றால்–இல்லையென்றால்’ தொடரை எழுதாதீர்கள். பைத்தானில் கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான். அதை லிஸ்டில் போட்டு வைத்து, எடுத்து, அழைக்கலாம்.

வகைகள் = [(டிரெய்லர், 50), (டாடா_ஏஸ், 25), (ஷேர்_ஆட்டோ, 20), (மீன்பாடி, 5)]

    ஒரு_வண்டி_வரட்டும்(தான்):
        வகை = தான்.வகைப்_பகடை.எடை_பார்த்து_எடு(வகைகள்)
        புதியது = வகை(தான்)
        தான்.சாலையில்_சேர்(புதியது)

எண்கள் கற்பனை, உங்களிடம் கணக்கெடுப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இங்கே முக்கியம் கடைசி இரண்டு வரிகளின் வரிசை. முதலில் முழுதாகப் பிறக்கட்டும், பிறகு சாலையில் சேரட்டும். சாலையில் சேர்க்கும் வேலையை வண்டி கிளாஸின் தொடக்கத்துக்குள்ளேயே வைத்தால் சுருக்கமாக இருக்கும் என்று தோன்றும். அது ஒரு பொறி. தாயின் தொடக்கம் ஓடும்போது சேயின் பங்கு இன்னும் ஓடியிருக்காது. சாலையில் சேர்க்கும் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்) ‘உன் பெட்டி 20 அடியா, 40 அடியா’ என்று கேட்கும். டிரெய்லருக்குப் பெட்டி என்ற ஒன்று அப்போது உருவாகியே இருக்காது. பாதி பிறந்த ஆப்ஜெக்ட் சாலையில் நிற்கும். சேய் மாற்றி எழுதக்கூடிய எந்த மெத்தடையும் தாயின் தொடக்கத்திலிருந்து அழைக்க வேண்டாம்.

படி 4: சேய் கிளாஸ்

கிளாஸ் டிரெய்லர்(வண்டி):
    தொடக்கம்(தான், மாடல், பெட்டி=இல்லை):
        தாய்.தொடக்கம்(மாடல், நீளம்=16, வேகம்=8)
        தான்.பெட்டி = பெட்டி

    கேட்_நேரம்(தான்):
        தான்.பெட்டி இல்லை என்றால்: திருப்பு 90
        திருப்பு 180

நீளம் மீட்டரில், வேகம் நொடிக்கு மீட்டரில். ‘வண்டி’ கிளாஸின் தொடக்கத்தில் ‘தாய்.தொடக்கம்’ என்ற வரியை எழுத மறந்தால் என்ன ஆகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். மேசா 3இல் ஏஜென்ட்டுக்கு அடையாள எண் கொடுப்பதும் மாடலின் ஏஜென்ட் பட்டியலில் சேர்ப்பதும் அந்தத் தாய்த் தொடக்கத்தில்தான் நடக்கின்றன. மறந்தால் ஆப்ஜெக்ட் பிறக்கும், ஆனால் மாடலின் பட்டியலில் இருக்காது. யாரும் அதன் அடியை அழைக்க மாட்டார்கள். நீங்கள் தனியே வைத்திருக்கும் வரிசையில் மட்டும் மரக்கட்டையாக நின்று பின்னால் வருகிறவர்களை மறிக்கும். ‘வரிசை நகரவே மாட்டேன் என்கிறது’ என்றால் முதலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சேய் கிளாஸில் எதை மாற்றி எழுதுவது? ‘அடி’ மெத்தடை முழுக்க நகலெடுத்து நடுவில் ஒரு வரியை மாற்றுவது பலரும் செய்வது. நான்கு சேய்கள், நான்கு நகல்கள். நாளைக்குத் தாயில் ஒரு திருத்தம் செய்தால் அது யாருக்கும் போய்ச் சேராது. தாயின் ‘அடி’யை ஓர் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு, மாறக்கூடிய இடங்களை மட்டும் சிறுசிறு மெத்தட்களாகப் பிரியுங்கள்: கேட்_நேரம், முன்னுரிமை, இடைவெளி_விருப்பம். சேய் அவற்றில் தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றும்.

கேட்டின் பக்கமும் இதையே பார்க்க வேண்டும். ‘இது டிரெய்லரா, அப்படியென்றால் 180, இது டாடா ஏஸா, அப்படியென்றால் 60’ என்று கேட் கிளாஸுக்குள் வகை பார்க்கும் வரிகள் வந்தால் மரபுரிமை இருந்தும் பயனில்லை. கேட் கேட்க வேண்டியது ஒன்றே: வண்டி.கேட்_நேரம்(). யார் என்ன சொல்வார்கள் என்பது கேட்டின் கவலை இல்லை. ஆம்புலன்ஸ் சேர்க்க வேண்டுமா? புதிய சேய் கிளாஸ், அதில் கேட்_நேரம்() 0 என்று திருப்பட்டும். கேட் கிளாஸில் ஒரு வரியும் தொடத் தேவையில்லை.

ஒரு கட்டுப்பாடு உண்டு. தாய் கொடுத்த வாக்கைச் சேய் மீறக் கூடாது. கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் பெயரில் வழங்கும் கொள்கை இது. ‘கேட்_நேரம் நொடியில், பூஜ்யத்துக்குக் குறையாத எண்ணாக வரும்’ என்பது தாயின் வாக்கு. ஒரு சேய் நிமிடத்தில் திருப்பினால், அல்லது ‘இன்னும் தெரியாது’ என்று வெறுமையைத் திருப்பினால், பைத்தான் தடுக்காது. மாதிரி மட்டும் உள்ளுக்குள் உளுத்துப்போகும்.

படி 5: எது சேய் கிளாஸ் ஆகக் கூடாது

மரபுரிமை கைவந்ததும் எல்லாவற்றுக்கும் கிளாஸ் போடத் தோன்றும். லோடு டிரெய்லர், எம்டி டிரெய்லர், ஏற்றுமதி டிரெய்லர், இறக்குமதி டிரெய்லர். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது; லோடு வண்டிக்கும் எம்டி வண்டிக்கும் கேட்டில் ஆகும் நேரம் வேறுதானே?

ஆனால் ஒரு டிரெய்லரின் ஒரு நாளைப் பின்தொடருங்கள். மாதவரம் கிடங்கில் ஏற்றுமதிப் பெட்டியோடு கிளம்புகிறது. வரிசையில் நிற்கிறது. உள்ளே போய்ப் பெட்டியை இறக்குகிறது. அந்த நிமிடமே அது எம்டி. இறக்குமதிப் பெட்டி கிடைத்தால் மறுபடி லோடு. வண்டி அதே வண்டி, ஓட்டுநர் அதே ஓட்டுநர். பைத்தானில் பிறந்த ஆப்ஜெக்டின் கிளாஸை நடுவில் மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாக முடியும் என்றாலும் யாரும் செய்யக் கூடாத வேலை. அப்போது என்ன செய்வார்கள்? லோடு டிரெய்லரை அழித்துவிட்டு அதே இடத்தில் எம்டி டிரெய்லரை உருவாக்குவார்கள். புதிய ஆப்ஜெக்ட், புதிய அடையாள எண், காத்திருப்பு பூஜ்யம். ஐந்து மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துக் காத்துக் கிடந்த ஆள், உங்கள் அறிக்கையில் இப்போதுதான் கிளம்பியவர் ஆகிவிடுவார். ஒரு பயணம் இரண்டு பயணமாக எண்ணப்படும். சராசரிக் காத்திருப்பு பாதியாகத் தெரியும். அந்த அறிக்கையை வைத்து ‘நெரிசல் குறைவுதான்’ என்று யாராவது முடிவெடுத்தால் அதற்கு நிரல்தான் பொறுப்பு.

நான் வைத்துக்கொள்ளும் விதி: பிறப்பிலிருந்து மறைவு வரை மாறாதது கிளாஸ். நடுவில் மாறக்கூடியது மாறி. டிரெய்லர் ஒருநாளும் ஷேர் ஆட்டோ ஆகாது, ஆகவே அது கிளாஸ். லோடு, எம்டி, கோபம், அவசரம், பஞ்சர் எல்லாம் நிலைகள், ஆகவே ‘தான்.பெட்டி’, ‘தான்.நிலை’. மேலே கேட்_நேரம் மெத்தடில் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தது அதனால்தான்.

நெட்லோகோ என்ற இன்னொரு ஏஜென்ட் கருவியில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே ஆமைகளுக்கு (ஏஜென்ட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) இனம் உண்டு, ஓட்டத்தின் நடுவிலேயே ஓர் ஆமையின் இனத்தை மாற்றவும் மொழி அனுமதிக்கிறது. நோயில்லாதவர் நோயாளி ஆவதை இன மாற்றமாகவே எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே இனத்துக்குள் இனம் என்ற மரபுரிமை கிடையாது, ஆகவே ஒத்துப்போகிறது. காமா என்ற கருவியில் ஏஜென்ட் வகைக்குத் தாய் வகையைக் குறிப்பிடலாம். நாம் இங்கே செய்வதற்கு அது நெருக்கம். கருவி மாறும்போது பழைய பழக்கத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

படி 6: மீன்பாடி வண்டி எந்தச் சாதி?

இதுவரை எல்லாம் ஒழுங்கான மரம். வண்டி என்ற வேர், அதன் கீழ் மற்றவை. நடுவில் மிதிவண்டி, மோட்டார் வண்டி என்று இரண்டு கிளாஸ்களைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது காசிமேட்டுக்கு வாருங்கள். முன்னால் தட்டு வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி, மிதித்து ஓட்டுவது. அதிலேயே பழைய டூ வீலர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. அது மிதிவண்டியா, மோட்டார் வண்டியா?

பைத்தான் ‘இரண்டும்தான்’ என்று சொல்ல விடும். கிளாஸ் மீன்பாடி(மிதிவண்டி, மோட்டார்_வண்டி) என்று எழுதலாம். இரண்டு தாய்களுக்கும் மேலே ஒரே பாட்டி, ‘வண்டி’. வைரம் போன்ற இந்த வடிவத்தில் யாருடைய மெத்தட் முதலில் கிடைக்கும் என்பதற்கு பைத்தான் ஒரு நிலையான வரிசை வைத்திருக்கிறது. இடப்பக்கத் தாய் முதலில், பாட்டி எல்லோருக்கும் கடைசியில். எல்லோரும் ‘தாய்.தொடக்கம்’ வழியாக அழைத்தால் பாட்டியின் தொடக்கம் ஒரே முறை ஓடும். யாராவது ‘மிதிவண்டி.தொடக்கம்’, ‘மோட்டார்_வண்டி.தொடக்கம்’ என்று பெயர் சொல்லி அழைத்தால் இரண்டு முறை ஓடும். அதற்குள் ‘மொத்த வண்டி எண்ணிக்கையில் 1 கூட்டு’ என்று ஒரு வரி இருந்தால் ஒரு மீன்பாடி இரண்டாகக் கணக்காகும். போதாக்குறைக்கு ‘தாய்’ என்பது இங்கே நேரடித் தாயைக் குறிக்காது. அந்த வரிசையில் அடுத்து இருப்பவரைக் குறிக்கும். மிதிவண்டியின் தொடக்கத்திலிருந்து அழைத்தால் போய்ச் சேருவது மோட்டார் வண்டிக்கு. உள்ளீடுகள் பொருந்தாமல் நிரல் கத்தும்.

இதற்கு மரபுரிமையே தேவையில்லை என்பது என் கட்சி. எஞ்சின் என்பது வண்டியில் பொருத்திய ஒரு பாகம். அப்படியே எழுதுங்கள்.

கிளாஸ் மீன்பாடி(வண்டி):
    தொடக்கம்(தான், மாடல், இழுவை=இல்லை):
        தாய்.தொடக்கம்(மாடல், நீளம்=3, வேகம்=0)
        இழுவை இல்லை என்றால்: இழுவை = மிதி()
        தான்.இழுவை = இழுவை

    அடி(தான்):
        தான்.வேகம் = தான்.இழுவை.வேகம்()
        தாய்.அடி()

மிதி, மோட்டார் இரண்டும் ஏஜென்ட் இல்லாத சிறு கிளாஸ்கள். இரண்டிலும் வேகம்() என்ற மெத்தட் இருந்தால் போதும். எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டதா? ‘தான்.இழுவை = மிதி()’. வண்டியின் அடையாளம், காத்திருப்பு, குறிப்பேடு எதுவும் கலையாது. மிதித்துக்கொண்டு போவார்.

படி 7: எண்ணும்போது கவனம்

‘இப்போது சாலையில் எத்தனை வண்டி?’ மேசாவில் ஏஜென்ட்டுகளை வகைவாரியாகப் பிரித்துத் தரும் டிக்ஷ்னரி ஒன்று உண்டு, ஏஜென்ட்ஸ் பை டைப் என்று. அதில் ‘வண்டி’ என்று தேடினால் டிரெய்லரும் மீன்பாடியும் கிடைக்காது. சாவியே இல்லை என்று பிழை வரலாம். காரணம், அது ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் அதன் சொந்த கிளாஸின் கீழ் மட்டுமே வைக்கிறது, தாயின் கீழ் வைப்பதில்லை. சேய்களையும் சேர்த்து வேண்டும் என்றால் மொத்த ஏஜென்ட் தொகுப்பிலிருந்து செலக்ட் மெத்தடில் வகையைக் கொடுத்துத் தேர்ந்தெடுங்கள். அது மரபுரிமையைப் பார்த்து எடுக்கும்.

படி 8: மறைவு

கேட்டைத் தாண்டியதும் வண்டியை மாடலிலிருந்து நீக்க வேண்டும், ரிமூவ் மெத்தடில். உங்கள் சொந்த லிஸ்ட்களில் அது இன்னும் இருந்தால் பைத்தான் நினைவகத்தை விடுவிக்காது. நீண்ட ஓட்டங்களில் கணினி திணறும். ஒரு லிஸ்டின் மேல் சுழன்றுகொண்டே அதிலிருந்து நீக்கினால் அடுத்தவர் ஒருவர் தவறிப்போவார். நகல் எடுத்துச் சுழலுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. வெளியேறிய வண்டிகளின் காத்திருப்பை மட்டும் எடுத்துச் சராசரி போடுவது எல்லோரும் செய்வது. சிமுலேஷன் நிற்கும் நேரத்தில் வரிசையில் இன்னும் நிற்கிறவர்கள்தான் அதிகம் காத்திருப்பவர்கள். அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். நெரிசல் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு உங்கள் சராசரி நல்லதாகத் தெரியும். நீக்குவதற்கு முன் வண்டியின் காத்திருப்பைப் பதிவு செய்யுங்கள். ஓட்டத்தின் முடிவில் மிச்சமிருப்பவர்களின் காத்திருப்பைத் தனி வரியில் போடுங்கள்.

படி 9: சரிபார்ப்பு

இனி எல்லா வகைகளையும் அணைத்துவிடுங்கள். டிரெய்லர் மட்டும், பெட்டியோடு மட்டும். சாலையின் நீளமும் வேண்டாம். வந்ததும் நேராக கேட் வரிசையில் சேரட்டும், ஒவ்வொரு வண்டிக்கும், வந்த நொடியிலிருந்து அதன் முறை வரும் நொடி வரை காத்திருப்பு. சராசரி 4 நிமிடத்துக்கு ஒரு வண்டி, அடுக்குக்குறிப் பரவலில். கேட்டில் நிலையாக 3 நிமிடம். ஒரே கேட், வந்த வரிசை. இப்படி எளிமையாக்கிவிட்டால் விடை தாளிலேயே தெரியும். வரிசைக் கோட்பாட்டில் பொலாசெக்–கின்ச்சின் சூத்திரம் சொல்லும். கேட்டின் பளு 3 வகுத்தல் 4, அதாவது 0.75. அதை 3ஆல் பெருக்கி, 1இலிருந்து பளுவைக் கழித்து வருவதன் இருமடங்கால் வகுத்தால் 4.5 நிமிடம். வருகையை அடுக்குக்குறிப் பரவலாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நீண்ட நேரம் ஓட்டுங்கள், பல விதைகளில். 4.5ஐச் சுற்றி வந்தால் பிறப்பும் மறைவும் கேட்டும் ஒழுங்காக இருக்கின்றன. பிறகு வருகையை 3.2 நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள். பளு 0.9375, விடை 22.5 நிமிடம். வருகை இடைவெளி ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, காத்திருப்பு ஐந்து மடங்கு. எண்ணூர் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்தப் பளுவில் விதைக்கு விதை எண் நிறையவே ஆடும், அதனால் ஓட்டம் இன்னும் நீளமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மரபுரிமைக்கான சோதனை. டிரெய்லரிலிருந்து ஒரு சேய் கிளாஸ் எழுதுங்கள், உள்ளே எதுவுமே மாற்றாமல், வெறும் பெயர் மட்டும். வகைகள் பட்டியலில் டிரெய்லருக்குப் பதில் அதைப் போட்டு, அதே விதையில் ஓட்டுங்கள். காத்திருப்பு கடைசி தசம இடம் வரை அப்படியே வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் எங்கோ ஓர் இடத்தில் உங்கள் நிரல் கிளாஸின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறது, அல்லது ஏஜென்ட்டுகளை வகைவாரியாகப் பிரித்து வரிசையைக் கலைக்கிறது, அல்லது யாரோ ஒருவர் அடுத்தவர் பகடையிலிருந்து எண் எடுக்கிறார். அந்த மூன்றையும் தேடி எடுத்துவிட்டுத்தான் ஷேர் ஆட்டோவையும் டாடா ஏஸையும் சாலையில் இறக்க வேண்டும்.